லைக் பட்டனும் கொசு உள்ளானும்

பனியன் என்றால் திருப்பூர். இது எல்லோருக்கும் தெரியும். பறவை என்றாலும் திருப்பூரை நினைக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பது வெளியூர் வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது. ஊத்துக்குளி ரோட்டில் கூலிபாளையம் பக்கம் நஞ்சராயன் குளம் என்று ஒன்று இருக்கிறது. நல்லாற்றின் தண்ணீர் வந்து தேங்கும் குளம். சுமார் 310 ஏக்கர். சாயப்பட்டறை, நிட்டிங், காம்பாக்டிங் என்று இரவு பகலாக ஓடும் ஊருக்குப் பக்கத்திலேயே கூழைக்கடாவும் நாமக்கோழியும் நீந்துகின்றன. இமயமலையைத் தாண்டிப் பறந்து வரும் வரித்தலை வாத்துகூட இங்கே இறங்கியிருக்கிறது. 2022ல் தமிழகத்தின் 17வது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தக் குளம், 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் இடம் பிடித்தது.

ஆனால் இந்தக் கட்டுரை பறவைகளைப் பற்றியது அல்ல. பறவை பார்ப்பவர்கள் கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், அந்தப் பேச்சை லைக், ஷேர், ஃபாலோ போன்ற வசதிகள் என்ன செய்துவிட்டன என்பதைப் பற்றியது. நீங்கள் தபால்தலை சேகரிப்பவராக இருக்கலாம். மாடித்தோட்டம் போடுபவராகவோ, பழைய வால்வு ரேடியோவைப் பிரித்து மேய்பவராகவோ இருக்கலாம். பெயரை மாற்றிப் போட்டுப் படித்தால் உங்கள் குழுவின் கதையும் ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்கும். நான் வார நாட்களில் புரோகிராம் எழுதுபவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பைனாகுலருடன் குளக்கரையில் நிற்பவன். அதனால் எனக்குப் பறவை உதாரணம் கைக்கு அருகில் இருக்கிறது.

ஈ-மெயில் காலம்

இந்தியாவில் பறவை பார்ப்பவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வது புதிய பழக்கம் அல்ல. 1960ல் ஜாஃபர் ஃபதேஹல்லி 'நியூஸ்லெட்டர் ஃபார் பேர்ட்வாட்சர்ஸ்' என்ற சிறு பத்திரிகையைத் தொடங்கினார். எங்கோ ஒரு ஊரில் ஒருவர் ஒரு பறவையைப் பார்ப்பார், எழுதி அனுப்புவார். அடுத்த இதழிலோ அதற்கடுத்த இதழிலோ இன்னொருவர் பதில் எழுதுவார்.

2001ல் யாகூ குரூப்ஸ் வந்தபோது இதே வேலை ஈ-மெயிலுக்கு மாறியது. பெங்களூருக்கு ஒரு குழு, கேரளாவுக்கு ஒரு குழு, தமிழகத்துக்கு ஒரு குழு என்று உருவாயின. குழுவின் முகவரிக்கு நீங்கள் ஒரு மெயில் போட்டால் எல்லா உறுப்பினர்களின் இன்பாக்ஸுக்கும் அது போகும். யார் பதில் போட்டாலும் எல்லோருக்கும் வரும். அவ்வளவுதான் வசதி. லைக் கிடையாது, ஸ்மைலி மழை கிடையாது. எத்தனை பேர் படித்தார்கள் என்றுகூடத் தெரியாது.

அப்போது வீடுகளில் இருந்தது டயல்-அப் இணைப்பு. 56 கேபிபிஎஸ் மோடத்தில் ஒரு போட்டோவை அனுப்புவதற்குள் டீ ஆறிவிடும். டிஜிட்டல் கேமராவும் எல்லோர் கையிலும் இல்லை. ஆகவே பார்த்ததை வார்த்தையில்தான் சொல்ல வேண்டியிருந்தது. அலகு நீளமா, குட்டையா? கால் என்ன நிறம்? பறக்கும்போது வாலில் வெள்ளை தெரிந்ததா? தனியாக இருந்ததா, கூட்டமாகவா? இவற்றை எழுதாமல் 'இது என்ன பறவை?' என்று மட்டும் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. எழுத வேண்டும் என்பதற்காகவே உன்னிப்பாகப் பார்த்தார்கள். டெக்னாலஜியின் குறைபாடு நல்ல பழக்கம் ஒன்றைக் கற்றுக்கொடுத்தது என்றுதான் சொல்வேன்.

யாகூ குரூப்ஸ் பிறகு என்ன ஆனது? 2019 அக்டோபர் 28க்குப் பிறகு புதிதாக எதையும் ஏற்ற முடியாது என்றார்கள். டிசம்பர் 14 அன்று பழையவற்றை அழிக்கப் போவதாக அறிவித்து, டவுன்லோட் செய்துகொள்ள 2020 ஜனவரி 31 வரை அவகாசம் நீட்டினார்கள். 2020 டிசம்பர் 15ல் முழுவதுமாக மூடினார்கள். விழித்திருந்த குழுக்கள் பழைய மெயில்களை எடுத்து வைத்துக்கொண்டன. நிர்வாகி யார், பாஸ்வேர்ட் என்ன என்றே தெரியாத குழுக்களின் மெயில்கள் போனது போனதுதான். இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்த இழப்புக்கும் லைக் பட்டனுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் அதற்கு முன்பே பலர் பேஸ்புக்குக்குப் போய்விட்டதால், வீட்டைக் காலி செய்யச் சொன்ன நாளில் உள்ளே ஆள் இல்லை.

லைக் என்ன செய்கிறது?

2006 செப்டம்பரில் பேஸ்புக் நியூஸ் ஃபீடைக் கொண்டு வந்தது. 2009 பிப்ரவரியில் லைக் பட்டன். 2016 பிப்ரவரியில் இதயம், சிரிப்பு, ஆச்சரியம், கோபம் எல்லாம் சேர்ந்தன. இவை வெறும் அலங்காரப் பொம்மைகள் என்று நினைக்காதீர்கள். எந்தப் பதிவு உங்கள் திரையில் மேலே வரவேண்டும் என்று கணக்குப் போடும் புரோகிராமுக்கு இவைதான் தீனி. 2017 முதல் சில காலம் இதயம், கோபம் போன்றவற்றுக்குச் சாதாரண லைக்கைவிட 5 மடங்கு மதிப்பு கொடுக்கப்பட்டது என்பது 2021ல் வெளியான பேஸ்புக்கின் உள் ஆவணங்களில் தெரிந்தது.

இதைப் பறவைக் குழுவில் பொருத்திப் பாருங்கள். ஒருவர் சூரிய உதயத்தில் சிறகு விரித்த வெள்ளைக் கொக்கின் படத்தைப் போடுகிறார். பின்னணி மங்கலாக, தண்ணீர் தங்கமாக, அருமையான படம். ஒரு மணி நேரத்தில் 300 லைக். இன்னொருவர் தூரத்தில் சேற்றில் நிற்கும் ஒரு பொடிப் பறவையின் மங்கலான படத்தைப் போட்டு, 'இது கொசு உள்ளானா, டெம்மின்க் கொசு உள்ளானா?' என்று கேட்கிறார். 2 லைக். புரோகிராமுக்கு கொக்கும் தெரியாது, உள்ளானும் தெரியாது. 300 பெரியது, 2 சின்னது என்று மட்டும் தெரியும். இரண்டாவது படம் கீழே போய்விடும். பதில் சொல்லக்கூடிய அந்த நான்கு பேரின் கண்ணில் படவே படாது.

இந்த இரண்டாவது கேள்விதான் கற்றுக்கொள்ள வேண்டிய கேள்வி. இரண்டுமே சிட்டுக்குருவி அளவுதான். வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தில் இந்தப் பக்கம் வருபவை. கொசு உள்ளானின் கால் கறுப்பு. டெம்மின்க்கின் கால் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம், வாலின் ஓரச் சிறகுகள் வெள்ளை. சேறு ஒட்டிய காலில் நிறம் பார்ப்பது எளிதல்ல. அங்கேதான் விவாதம் தொடங்க வேண்டும்.

முதல் படத்தில் கேள்வியே இல்லையா என்றால், இருக்கிறது. வெள்ளைக் கொக்கில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று உண்டு. பெரிய கொக்குக்கு வாய்ப்பிளவின் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். நடுத்தரக் கொக்குக்குக் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். படத்தின் கீழே 'பெரிய கொக்கு' என்று எழுதியிருக்கிறது, படத்தில் இருப்பதோ நடுத்தரக் கொக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 'சூப்பர்', 'செம கிளிக் அண்ணா' என்று 80 கமென்ட் விழுந்த பிறகு 81வது ஆளாகப் போய், 'பெயர் தப்புங்க' என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

முதல் லைக்குக்கு எவ்வளவு பலம் என்பதை ஆராய்ச்சியாளர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2013ல் 'சயின்ஸ்' இதழில் முச்னிக், ஆரல், டெய்லர் என்ற மூவர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். செய்தி இணையதளம் ஒன்றில் வந்த ஒரு லட்சத்துக்கும் அதிகமான கமென்ட்களை எடுத்து, சிலவற்றுக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாசிட்டிவ் ஓட்டுப் போட்டார்கள். கமென்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. அடுத்து வந்தவர் அதற்கு மேலும் ஒரு பாசிட்டிவ் ஓட்டுப் போடும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது. கடைசியில் அந்தக் கமென்ட்களின் மதிப்பு 25 சதவீதம் அதிகமாக முடிந்தது. நெகட்டிவ் ஓட்டுப் போட்டபோது இப்படி நடக்கவில்லை, மற்றவர்கள் வந்து சரி செய்துவிட்டார்கள். அதாவது கூட்டம் அநியாயமான திட்டைத் திருத்துகிறது, அநியாயமான பாராட்டைத் திருத்துவதில்லை.

வாட்ஸ்அப்பில் பெரியவர்கள்

பேஸ்புக்கை விட்டுவிட்டு வாட்ஸ்அப்புக்கு வருவோம். நம் ஊரில் இப்போது பெரும்பாலான பேச்சு நடப்பது அங்கேதான். 'அண்ணா, இது என்ன பறவைங்க?' என்று ஒரு தம்பி காலை 7 மணிக்குப் படம் போடுவார். ஒரு நிமிடத்தில் பதில் வந்துவிடும். யாகூ குரூப்ஸில் இரண்டு நாள் காத்திருந்த இடத்தில் இது பெரிய முன்னேற்றம், மறுப்பதற்கில்லை.

ஆனால் வாட்ஸ்அப் குழு என்பது முகம் தெரிந்தவர்களின் கூட்டம். போட்டோ இருக்கிறது, போன் நம்பர் இருக்கிறது, நாளைக்குக் குளக்கரையில் டீக்கடையில் பார்த்தாக வேண்டும். குழுவில் மூத்தவர் ஒருவர் 'இது பெரிய புள்ளிக் கழுகு' என்று சொல்லிவிட்டால் பேச்சு அத்துடன் முடிந்தது. கட்டைவிரல் நான்கு, கும்பிடு இரண்டு. வேறு கருத்து உள்ளவர் தனி மெசேஜில் இன்னொருவரிடம் சொல்வார், குழுவில் சொல்ல மாட்டார். மரியாதை நல்லதுதான். ஆனால் மெயில் காலத்தில் ஒருவரை மறுக்க வேண்டுமானால் 'நீங்கள் சொன்னதில் இந்த வரி எனக்குப் புரியவில்லை' என்று அவர் வரியையே மேற்கோள் காட்டி, காரணம் எழுதி, பணிவாகவே மறுக்க இடம் இருந்தது. கட்டைவிரலில் காரணத்துக்கு இடம் இல்லை. 2022 மே மாதம் வாட்ஸ்அப்பில் ரியாக்ஷன் வசதி வந்த பிறகு 'ஆமாம், ஏனென்றால்...' என்று எழுதிக்கொண்டிருந்த ஒருசிலரும் விரலைத் தட்டிவிட்டுப் போகிறார்கள்.

இதைவிட எனக்கு உறுத்தும் விஷயம் டெக்னிக்கலானது. கேமராவோ செல்போனோ எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எக்சிஃப் என்ற தகவல் பொதிந்திருக்கும். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தக் கேமரா, ஜிபிஎஸ் போட்டிருந்தால் எந்த இடம் என்பதெல்லாம் அதில் இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் போட்டோவாக அனுப்பினால் படம் சுருக்கப்படுகிறது, இந்தத் தகவலும் உதிர்ந்துவிடுகிறது. பேஸ்புக்கில் ஏற்றிய படத்தை இன்னொருவர் டவுன்லோட் செய்தாலும் அதே கதை. அந்தப் படம் நான்கு குழு தாண்டி, ஐந்தாவது குழுவில் 'நம்ம ஊர் குளத்தில் இன்று' என்று வரும். எடுத்தது யார், எந்தக் குளம், எந்த வருடம்? யாருக்கும் தெரியாது. வாட்ஸ்அப்பில் படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் ஒரிஜினல் ஃபைல் அப்படியே போகும். இதைத் தெரிந்து செய்பவர்கள் மிகக் குறைவு.

எக்சிஃப் உதிர்வது சில நேரம் நல்லது என்பதையும் சொல்ல வேண்டும். அரிய பறவை ஒன்றின் கூடு எங்கே இருக்கிறது என்று ஜிபிஎஸ்ஸோடு ஊருக்கு அறிவித்தால், அடுத்த ஞாயிறு அங்கே இருபது கேமரா நிற்கும். தாய்ப்பறவை கூட்டை விட்டுப் போய்விடும். கூட்டுப் படமே போடக் கூடாது என்று பல குழுக்கள் விதி வைத்திருப்பது இதனால்தான். லைக் எண்ணிக்கைக்கு ஆசைப்பட்டு அந்த விதியை மீறுபவர்களும் இருக்கிறார்கள்.

ஏன் கவலைப்பட வேண்டும்?

பொழுதுபோக்குதானே, ரசித்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். ஒரு சதுப்பு நிலம் ராம்சர் பட்டியலில் சேர 9 அளவுகோல்கள் உண்டு, அவற்றில் ஒன்றாவது பொருந்த வேண்டும். பறவைகள் சம்பந்தப்பட்ட இரண்டு அளவுகோல்களைப் பாருங்கள். 20,000 அல்லது அதற்கு மேற்பட்ட நீர்ப்பறவைகள் வழக்கமாக வரவேண்டும் என்பது ஒன்று. ஒரு இனத்தின் மொத்த எண்ணிக்கையில் 1 சதவீதமாவது அங்கே வழக்கமாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் தேவை எண்ணிக்கை. என்ன பறவை, எத்தனை, எந்தத் தேதி. 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் தன்னார்வலர்கள் செய்வது இந்த வேலையைத்தான். 500 லைக் வாங்கிய படத்திலிருந்து இதில் ஒன்றைக்கூட எடுக்க முடியாது.

இன்னொரு உதாரணம் உங்கள் போனிலேயே இருக்கும். செல்போன் டவரால் சிட்டுக்குருவி அழிந்துவிட்டது என்ற ஃபார்வர்டு உங்களுக்கு எத்தனை முறை வந்திருக்கிறது? 2018ல் '2.0' படம் வந்த பிறகு அது இன்னும் வேகமாகச் சுற்றியது. 2020 பிப்ரவரியில் வெளியான 'ஸ்டேட் ஆஃப் இந்தியாஸ் பேர்ட்ஸ்' அறிக்கை வேறு கதை சொன்னது. 15,500 பேர் பதிவு செய்த ஒரு கோடிக்கும் அதிகமான குறிப்புகளிலிருந்து 867 இனங்களை ஆராய்ந்த அறிக்கை அது. பெருநகரங்களில் சிட்டுக்குருவி குறைந்திருக்கிறது, நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால் 25 வருடங்களாக ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது என்றது. பெயர்கூடத் தெரியாத உள்ளான்களும் கழுகுகளும்தான் உண்மையில் குறைந்துகொண்டிருந்தன. அவற்றுக்காக யாரும் ஃபார்வர்டு அனுப்பவில்லை. 2023ல் வந்த அடுத்த அறிக்கைக்கு 30,000 பேரின் 3 கோடிக் குறிப்புகள் கிடைத்தன. அந்தக் குறிப்புகள் லைக் குழுக்களிலிருந்து வரவில்லை. இபேர்ட் என்ற இடத்திலிருந்து வந்தன.

போட்டியும் உதவும்

சோஷியல் நெட்வொர்க்கிங் வசதி என்றாலே கெடுதல் என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் சேர்ந்து 2002ல் இபேர்டைத் தொடங்கியபோது, 'அறிவியலுக்காக உங்கள் குறிப்புகளைத் தாருங்கள்' என்று கேட்டார்கள். பெரிதாக யாரும் வரவில்லை. 2005ல் தந்திரத்தை மாற்றினார்கள். உங்கள் வாழ்நாள் பட்டியல், உங்கள் மாவட்டத்தில் யார் எத்தனை இனம் பார்த்தார்கள் என்ற ரேங்க் எல்லாம் சேர்த்தார்கள். குறிப்பு அனுப்புகிறவர்கள் ஏறக்குறைய மூன்று மடங்கானார்கள்! நம் ஆட்களுக்கு ரேங்க் என்றால் சொல்லவா வேண்டும்.

ஆனால் இங்கே எதற்குப் பரிசு கொடுக்கிறார்கள் என்று கவனியுங்கள். அழகுக்கு அல்ல, பதிவுக்கு. ஒரு இடத்தில், அந்த மாதத்தில் வரக்கூடாத பறவையையோ நம்ப முடியாத எண்ணிக்கையையோ எழுதினால் புரோகிராம் கொடி காட்டும். அந்தப் பகுதியைத் தெரிந்த தன்னார்வலர் ஒருவர் 'எதை வைத்துச் சொல்கிறீர்கள்?' என்று மெயில் அனுப்புவார். கால் நிறத்தையும் வாலையும் எழுதித்தான் ஆகவேண்டும். யாகூ குரூப்ஸ் காலத்துப் பழக்கம் வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடுகிறது. ஆபத்தில் உள்ள சில இனங்களின் இடத்தை 2017 முதல் இபேர்ட் பொதுமக்கள் பார்வையிலிருந்து மறைத்தும் வைக்கிறது.

ஐநேச்சுரலிஸ்ட் இதற்கும் பேஸ்புக்குக்கும் நடுவில் இருக்கிறது. ஒருவர் படம் போட, மற்றவர்கள் பெயர் சொல்ல, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் 'ரிசர்ச் கிரேடு' கிடைக்கும். அங்கே 'அக்ரீ' என்ற பட்டனை நன்றி சொல்வதற்காகவே அழுத்துபவர்கள் இருக்கிறார்கள். பெயர் சொன்னவருக்கு மரியாதையாம்! லைக் பழக்கம் எங்கே போனாலும் கூடவே வருகிறது.

பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் செய்த ஒரு நன்மையை மறக்கக் கூடாது. பழைய மெயில் குழுக்களில் பேச்சு பெரும்பாலும் இங்கிலீஷ். டெய்லரிங் யூனிட்டில் ஷிப்ட் முடித்து வரும் ஒருவர் அங்கே எழுதியிருக்க மாட்டார். இன்று அவர் போனில் ஒரு படம் எடுத்து 'இது என்னங்க?' என்று தமிழில் கேட்கிறார், பதில் வாங்குகிறார். அவர் உள்ளே வந்ததற்காக இந்தக் குறைகளில் பாதியை நான் பொறுத்துக்கொள்வேன்.

நீங்கள் செய்யக்கூடியது

குழுவில் கேள்வி கேட்கும்போது படத்துடன் இடம், தேதி, நேரம், உங்கள் யூகம், அந்த யூகத்துக்குக் காரணம் ஆகியவற்றை இரண்டு வரியில் எழுதுங்கள். இந்த இரண்டு வரி இருந்தால் பதில் சொல்பவரும் காரணத்தோடு சொல்வார். நிர்வாகியாக இருந்தால் இதை விதியாகவே வைத்துவிடலாம். பாராட்டு ஒரு குழுவிலும் அடையாளம் காணும் பேச்சு இன்னொரு குழுவிலும் நடக்கட்டும். இரண்டையும் கலந்தால் எப்போதும் பாராட்டுதான் ஜெயிக்கும். 'டிஸ்அப்பியரிங் மெசேஜ்' வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். 7 நாளில் அழியும்படி வைத்திருந்தால் உங்கள் குழு ஒவ்வொரு வாரமும் யாகூ குரூப்ஸ் ஆகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மாதம் ஒருமுறை 'எக்ஸ்போர்ட் சாட்' கொடுத்து உரையாடலை டெக்ஸ்ட் ஃபைலாக எடுத்து வையுங்கள். படங்கள் வேண்டாம் என்றால் சமீபத்திய 40,000 மெசேஜ்கள் வரை ஒரே ஃபைலில் கிடைக்கும். அதை நோட்பேடில் திறந்து தேடினால் 'இந்தக் கேள்விக்கு முன்பே பதில் சொல்லியிருக்கிறோமே' என்பது தெரியும். உறுப்பினர்களின் போன் நம்பர்கள் அதில் இருக்கும் என்பதால் அந்த ஃபைலை வெளியே சுற்ற விடாதீர்கள். பழைய மெயில் குழு முறைதான் பிடிக்கும் என்பவர்களுக்கு கூகுள் குரூப்ஸ் இருக்கிறது. ஆனால் அதிலும் ஒரு பேக்கப் உங்கள் ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும்.

பறவையில் ஆர்வம் உள்ளவர்கள் இபேர்ட் ஆப்பை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். குளக்கரையில் சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்யும், வீட்டுக்கு வந்து அனுப்பினால் போதும். பார்த்த பறவை, எண்ணிக்கை, எத்தனை நிமிடம் பார்த்தீர்கள், எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்பதுதான் அது கேட்கும் விவரம். செக்லிஸ்டின் இணைப்பை அப்படியே வாட்ஸ்அப் குழுவில் ஒட்டலாம். பேச்சு குழுவில் நடக்கும், பதிவு வேறு இடத்தில் பத்திரமாக இருக்கும். 2015 முதல் தமிழகத்தில் ஒவ்வொரு பொங்கல் விடுமுறையிலும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. அதற்கு நஞ்சராயன் குளத்துக்கு வரவேண்டும் என்றுகூட இல்லை. வீட்டு மொட்டைமாடியில் 15 நிமிடம் நின்று, காக்கை எத்தனை, மைனா எத்தனை என்று எண்ணி அனுப்பினாலும் கணக்கில் சேரும்.